மூணு கிலோ பந்தோடு மூணு மாசம்

விளையாட்டு டீச்சர் வேலையில் பிள்ளைகளுக்குக் கால் சுளுக்கும், நமக்கு நெஞ்சு அடைக்கும். விசில் ஊதிப் பிழைக்கிற சக பாவிகளே, உங்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. நிவித்திகலைக்கு மேலே ஒரு ரப்பர் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் பதினொரு வருசமாக ஊதுகிறேன். வார நாளில் பள்ளிப் பிள்ளைகள், சனி ஞாயிறில் தோட்டத்து இளைஞர் கழகம். அந்தப் பதினொரு வருசத்து அதிர்ச்சியை எல்லாம் ஒன்றாகக் கூட்டினாலும், போன வருசம் தங்கேஸ்வரியை மாவட்டப் போட்டிக்குத் தயார்பண்ணிய மூன்று மாதத்துக்குக் கிட்ட வராது. சொல்கிறேன் கேளுங்கள். கேட்டுவிட்டு, உங்களுக்கும் இப்படி நடந்திருந்தால் ஒரு ஆறுதலுக்காவது தலையை ஆட்டுங்கள்.

ஆறுமுகம் அண்ணன் வைத்த கெடு

தங்கேஸ்வரி என்னிடம் படித்த பிள்ளைதான். பத்தொன்பது வயது. பள்ளிக்கூடம் முடித்து அம்மாவோடு ரப்பர் பால் வெட்டப் போய்க்கொண்டிருந்தாள், சனி ஞாயிறில் கழகத்தில் ஓடுவாள். நூறு மீட்டரில் பாதித் தூரத்துக்கு அப்புறம் அவளைப் பிடிக்க எங்கள் பிரிவில் ஆளே கிடையாது. சனியன் பிடித்தது அந்த முதல் பாதியில்தான். வெடிச் சத்தம் கேட்டதும் மற்றவர்கள் குனிந்தபடியே பாய்வார்கள். இவள் முதலில் நிமிர்ந்து நிற்பாள், யாரோ கூப்பிட்ட மாதிரி. அப்புறம்தான் ஓடுவாள். அதற்குள் மற்றவர்கள் நாலு எட்டு போயிருப்பார்கள்.

இதற்கு மருந்து இரத்தினபுரியில் நடந்த ஒரு பயிற்சிப் பட்டறையில் கிடைத்தது. ஆங்கிலத்தில் 'மெடிசின் போல்' என்று ஒரு பயிற்சிப் பந்து, மூன்று கிலோ கனம். குந்தி உட்கார்ந்து, பந்தை நெஞ்சோடு பிடித்து, இருக்கிற பலத்தை எல்லாம் கூட்டி முன்னால் தள்ளி எறிந்துவிட்டு அதன் பின்னாலேயே ஓட வேண்டும். எறிகிற வேகத்தில் உடம்பு தானாக முன்னால் சாயும், நிமிர நேரமே இருக்காது. எனக்கு மயிர்க்கூச்செறிந்துவிட்டது. அட கடவுளே, இவ்வளவுதானா விசயம்!

அன்று பின்னேரமே தங்கேஸ்வரியின் லயத்து வீட்டுக்கு ஓடினேன். அவளுடைய அப்பா ஆறுமுகம் அண்ணன் ரப்பர் பெக்டரியில் ரோலர் ஓட்டுகிறவர். மாவட்டத்தில் முதல் இரண்டு பேரைத்தான் தேசியப் போட்டிக்கு எடுப்பார்கள், அங்கே கண்ணில் பட்டால் வேலையோடு ஓடுகிற வாய்ப்புக் கிடைக்கும் என்று மூச்சுவிடாமல் சொன்னேன். அவர் தேத்தண்ணியைக் குடித்து முடித்துவிட்டு நிதானமாகப் போட்டார் குண்டை: "நான் வேணாம்னு சொல்லலைங்க டீச்சர். மொத ரெண்டு எடத்துக்குள்ள வந்தா எங்க கூப்பிட்டாலும் போகட்டும். வரலன்னா அன்னிக்கே கட்டுநாயக்க பஸ்ஸுதான். அவ அக்கா அங்க கார்மெண்ட்ஸ்ல எடம் சொல்லி வச்சிருக்கா."

துள்ளாத பந்து என்று நினைத்தது

பந்துக்கு எங்கே போவது? கொழும்பில் சொல்லி எடுப்பிக்க வேண்டும் என்றார்கள், அது வருவதற்குள் போட்டியே முடிந்துவிடும். கெடு வைத்த அதே ஆறுமுகம் அண்ணன்தான் வழியும் சொன்னார். மரத்தில் காய்ந்து ஒட்டிக்கிடக்கிற ஒட்டுப்பாலை நாடா நாடாவாக உரித்து, சுற்றிச் சுற்றி நாலு நாளில் ஒரு பந்து செய்து கொண்டுவந்தார். கறுப்பாக, உருண்டையாக, தராசில் வைத்தால் அச்சொட்டாக மூன்று கிலோ. ஒட்டுப்பால் நாற்றம் மட்டும் நாலு வீட்டுக்கு அடித்தது. அதனால் என்ன, எனக்கு அன்றைக்கு அது மல்லிகைப்பூ.

சனிக்கிழமை பதினொரு மணி. தங்கேஸ்வரி பாலை நிறுத்துக் கொடுத்துவிட்டு நேரே கிரவுண்டுக்கு வந்தாள். முதலில் சுலபமான பயிற்சியாகக் காட்டுவோம் என்று, பந்தைத் தலைக்கு மேலே தூக்கி, "இப்படி ஓங்கித் தரையில் அடிக்கணும், முழுப் பலத்தோட" என்று சொல்லி அடித்தேன். அடித்தது மட்டும்தான் ஞாபகம். கண்ணைத் திறந்தபோது நான் மல்லாந்து கிடக்கிறேன், வாயில் இரத்தம், முன்பல்லில் கால்வாசியைக் காணோம். என் தாடையைப் பதம் பார்த்த பந்து அதோடு அடங்கவில்லை. துள்ளித் துள்ளிச் சரிவில் இறங்கி, பால் நிறுக்கிற கொட்டகைக்குள் புகுந்து, வரிசையில் இருந்த ஒரு வாளியைக் கவிழ்த்துவிட்டுத்தான் நின்றது. அது தங்கேஸ்வரியின் அம்மாவுடைய வாளி. அவர் காலையிலிருந்து வெட்டிய பால் சிமெந்துத் தரையில் வெள்ளையாக ஓடியது.

வாயைப் பொத்திக்கொண்டு மன்னிப்புக் கேட்க இறங்கினேன். அந்த அம்மா ஒரு கையைத் தலையில் வைத்தபடி மற்றக் கையால் வாளியை நிமிர்த்திக்கொண்டிருந்தார். அதுதான் இன்னும் சுட்டது. பால் நிறுக்கிற கிளாக்கர்தான் பந்தைக் காலால் புரட்டிப் பார்த்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார். "ஏங்க டீச்சர், நீங்க பொறந்ததே ரப்பர் தோட்டம்தான? ரப்பர் துள்ளும்னு ஒங்களுக்கு யாருமே சொல்லலியா?"

கழுவிய கல்

இரண்டாவது பந்துக்குப் பழைய கால்பந்து ஒன்றைக் கிழித்தோம். உள்ளே போட மணல் தேடினால், தோட்டத்துக்குக் கீழே மாணிக்கக் குழியில் வேலைசெய்கிற சுனில் அய்யா சிரித்தார். கழுவி அரித்து எறிந்த கல்லும் மண்ணும் மலைபோலக் குவிந்து கிடக்கிறது, அள்ளிக்கொண்டு போங்கள் என்றார். மூன்று கிலோ அள்ளி, மிச்ச இடத்துக்குப் பழைய துணியைத் திணித்து, ஆறுமுகம் அண்ணன் நைலோன் நூலால் தைத்துத் தந்தார். இந்தப் பந்து விழுந்த இடத்தில் செத்த மாதிரிக் கிடந்தது. இரண்டு வாரம் ஒழுங்காகப் போனது. தங்கேஸ்வரி எறிந்த பிறகு முதல் மூன்று எட்டையும் குனிந்தே வைக்கத் தொடங்கினாள். நான் சந்தோசத்தில் ஊதிய ஊதலில் விசிலுக்குள் இருந்த மணி வெளியே வந்துவிடும் போலிருந்தது.

திங்கட்கிழமை விடிய நேரத்தோடு பள்ளிக்கூடத்துக்குப் போனேன். குழாயடியில் தண்ணீர்ச் சத்தம். எட்டிப் பார்த்தால், ஐயோ, என்னத்தைச் சொல்ல! எங்கள் பள்ளிக்கூட அதிபர் காற்சட்டையை முழங்கால் வரை மடித்து, டையைத் தோளுக்குப் பின்னால் போட்டுக்கொண்டு குந்தியிருக்கிறார். கையில் பிள்ளைகளின் மதியச் சாப்பாட்டுச் சமையலறைச் சல்லடை. சல்லடைக்குள் என் பந்துக்குள் இருந்த கல். பக்கத்தில் என் பந்து, குடல் எடுத்த மீன் மாதிரி வாயைப் பிளந்து கிடக்கிறது. கல் மாணிக்கக் குழியிலிருந்து வந்தது என்று யாரோ அவர் காதில் போட்டிருக்கிறார்கள். மனுசனுக்கு இரண்டு இரவு நித்திரை வரவில்லையாம்.

போட்டிக்கு ஏழு வாரம்தான் இருந்தது. "சேர், அந்தப் பிள்ளையோட வாழ்க்கைய கிழிச்சிப் போட்டுட்டீங்களே!" என்று கத்தியேவிட்டேன். பதினொரு வருசத்தில் முதல் தடவையாக அதிபரைப் பார்த்துக் கத்தினேன். அவர் கொஞ்சமும் அசையவில்லை. ஒரு கல்லை எடுத்து வெளிச்சத்துக்குப் பிடித்து, ஒற்றைக் கண்ணால் பார்த்து, திருப்பிச் சல்லடையில் போட்டுவிட்டுச் சொன்னார்: "கோவிச்சுக்காதீங்க டீச்சர். நம்ம ரத்னபுரியில பொறந்தவன் இன்னொரு தடவ கழுவிப் பாக்காம ஒரு கல்ல எறிஞ்சா, அன்னிக்கி அவனுக்குச் சோறு எறங்குமா?"

இடது பக்கம்

ஆறுமுகம் அண்ணன் அன்றே பந்தைத் திரும்பத் தைத்துத் தந்தார். இந்தத் தடவை அதைப் பள்ளிக்கூடத்தில் வைக்கவில்லை, என் கட்டிலுக்கு அடியில் வைத்தேன். அடுத்த பயிற்சி, பக்கவாட்டில் நின்று இடுப்பைத் திருப்பிச் சுவரில் எறிவது. உடம்பு சட்டென்று திரும்பப் பழகுவதற்கு இது. தங்கேஸ்வரி ஒரு பக்கம் எறிந்தாள், சுவர் அதிர்ந்தது. இடது பக்கம் திரும்பி எறி என்றேன். பந்து அவள் காலடியிலேயே பொத்தென்று விழுந்தது. விளையாடுகிறாளோ என்று நினைத்தேன். பத்துத் தடவை எறிந்தாள், பத்தும் காலடியில்தான்.

அப்போதுதான் எனக்குப் பொறி தட்டியது. பால் வெட்டுகிறவளுக்குக் கத்தி ஒரே பக்கமாகத்தான் போகும். நாளுக்கு இருநூறு முந்நூறு மரம், ஒவ்வொரு மரத்திலும் உடம்பு அதே பக்கம்தான் வளையும். அவள் ஓடும்போது ஏன் கோட்டின் ஒரு ஓரத்துக்கே ஒதுங்கிப் போகிறாள் என்று இரண்டு வருசமாக நான் அவளைத் திட்டியிருக்கிறேன். வெட்கமாகப் போய்விட்டது. அவளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அவளுக்கு என்ன நடந்திருக்கிறது என்று பார்க்காமல் விட்டிருக்கிறேனே!

மகளைக் கூட்டிப்போக வந்த அவள் அம்மா இதையெல்லாம் பார்த்துக்கொண்டு நின்றார். வாளி கவிழ்ந்ததிலிருந்து என்னோடு அவ்வளவாகப் பேசாதவர், பந்தைக் கையில் வாங்கிக்கொண்டு தானும் எறிந்து பார்த்தார். ஒரு பக்கம் மகளைவிடத் தூரம் போனது. மற்றப் பக்கம் திரும்பவே முடியவில்லை. இடுப்பைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டார். நான் பதறிப்போய்த் தாங்கிக்கொண்டேன். அவர் வலியோடு சிரித்தார். "முப்பது வருசமா நான்தான் மரத்தச் சுத்துறேன்னு நெனச்சேன் டீச்சர். அது என்னைய ஒரு பக்கமா திருப்பி வச்சிட்டுல்ல நிக்குது. இவளயாவது மத்தப் பக்கம் திருப்பி விடுங்க."

கான்

எங்கள் கிரவுண்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். கிரவுண்ட் என்று மரியாதைக்குச் சொல்கிறோம், உண்மையில் அது புல் முளைத்த ஒரு சரிவு. கீழ்முனையில் மழைத் தண்ணீர் ஓடுகிற கான், ஆள் உயரத்துக்கு ஆழம். துள்ளாத பந்தானாலும் மேலேயிருந்து எறிந்தால் அந்தச் சரிவில் உருண்டுகொண்டே போகும். கானுக்குள் விழுவதற்குள் பிடித்துவிடு, விழுந்தால் நீயே இறங்கி எடு என்று ஒரு சட்டம் போட்டேன். விளைவைப் பாருங்கள், பிள்ளை வேகத்தைக் குறைக்கவே மறந்துவிட்டாள். நாற்பது மீட்டர், ஐம்பது மீட்டர், குனிந்த தலை குனிந்தபடி, பந்துக்குப் பின்னால் பேய் பிடித்த மாதிரி ஓடுவாள். நான் மேலே நின்று, "விடாதே, விடாதே!" என்று தொண்டை கிழியக் கத்துவேன்.

போட்டிக்குப் பத்து நாள் இருக்கும்போது நல்ல மழை. பந்து கானுக்குள் போனது, தங்கேஸ்வரியும் அதோடு போனாள். சத்தமில்லை. எனக்கு உயிர் போய்விட்டது. காலை முறித்துக்கொண்டாளா, தலை அடிபட்டதா என்று சறுக்கிச் சறுக்கி இறங்கினேன். கானுக்குள் கணுக்கால் அளவு சேற்றில் நிற்கிறாள். முழங்கால் தோல் உரிந்திருக்கிறது, காலில் ஏழெட்டு அட்டை. பந்தை மட்டும் நெஞ்சோடு அணைத்துப் பிடித்திருக்கிறாள். "பைத்தியமா ஒனக்கு? போனா போகுது, அது ஒரு பந்துடி!" என்று கத்தினேன். அத்தனை நாளும் கெடுவைப் பற்றி வாயே திறக்காதவள் அன்றைக்குத்தான் திறந்தாள். "பந்து உள்ள விழுந்தா எறங்கி எடுக்க நான் இருக்கேன் டீச்சர். நான் கட்டுநாயக்க போயிட்டா என்னைய எடுக்க யாரு எறங்கி வருவா?"

பை

மாவட்டப் போட்டி அன்றைக்குக் காலை பஸ்ஸில் ஏறியதும் அதைப் பார்த்தேன். ஆறுமுகம் அண்ணன் மடியில் ஒரு பயணப் பை. சிப் உடைந்து, நைலோன் கயிற்றால் கட்டியிருந்தது. மகளின் உடுப்புகள். தோற்றால் இரத்தினபுரி பஸ் நிலையத்திலிருந்து நேரே அனுப்பிவிடுவதற்குக் கொண்டுவந்திருக்கிறார். மனுசன் சொன்னால் சொன்னதுதான். தங்கேஸ்வரி வழி முழுக்க ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். என் மடியில் பந்து, அவர் மடியில் பை.

முதல் சுற்றில் வென்று இறுதிக்கு வந்துவிட்டாள். இறுதி ஓட்டத்தில் எட்டுப் பேர். வெடித்ததும் தங்கேஸ்வரியின் இரண்டு கைகளும் நெஞ்சிலிருந்து முன்னால் பாய்ந்தன, இல்லாத பந்தை எறிகிற மாதிரி! பார்த்தவர்கள் கொல்லென்று சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் அவள் எல்லோருக்கும் முன்னால் இருந்தாள். நிமிரவில்லை. ஓரத்துக்கு ஒதுங்கவில்லை. நான் ஊதக்கூடாத இடத்தில் விசிலை ஊதிவிட்டேன், ஒரு நடுவர் என்னை முறைத்தார். கடைசி இருபது மீட்டரில் ஆணிச் சப்பாத்துப் போட்ட இரண்டு பிள்ளைகள் அவளை எட்டிப் பிடித்தார்கள். மூன்று நெஞ்சும் ஒன்றாகக் கோட்டைத் தாண்டின. மற்ற இருவரும் கோட்டுக்கு அப்பால் முழங்காலைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார்கள். இவள் நிற்கவில்லை! வளைவைத் தாண்டி, புல்லைத் தாண்டி, மைதானத்து வேலியில் போய் மோதித்தான் நின்றாள். நான் ஓடிப்போய்ப் பிடித்தால், மூச்சு வாங்கிக்கொண்டு தரையைத் தேடுகிறாள். "பந்து எங்க டீச்சர்?" என்கிறாள். அப்போதுதான் ஒலிபெருக்கியில் சிங்களத்தில் வாசித்தார்கள். தங்கேஸ்வரிக்கு மூன்றாம் இடம்.

பஸ் நிலையத்துக்கு நடந்தோம். கட்டுநாயக்க போவதற்கு முதலில் ஏற வேண்டிய கொழும்பு பஸ் புறப்படத் தயாராக உறுமிக்கொண்டு நின்றது. கண்டக்டர் பையைப் பார்த்ததும், "கொழும்பா? நகின்ன, நகின்ன!" என்று ஏறச் சொல்லிப் பையைப் பிடித்து இழுத்தான். நான் கண்ணை மூடிக்கொண்டேன். சத்தியமாகச் சொல்கிறேன், அந்த நேரத்தில் ஆறுமுகம் அண்ணனின் காலில் விழுவதற்கும் தயாராக இருந்தேன். கண்ணைத் திறந்தபோது பை அவர் கையிலேயே இருந்தது. கயிற்றை அவிழ்த்தார். என் கையிலிருந்த பந்தை வாங்கி, மகளின் உடுப்புகளுக்கு மேலே வைத்து, திரும்பக் கட்டினார். கட்டிக்கொண்டு நிவித்திகலை பஸ்ஸைப் பார்த்து நடந்தார். நானும் தங்கேஸ்வரியும் வாயைப் பிளந்துகொண்டு பின்னால் ஓடினோம். பஸ்ஸில் கால் வைத்தபடி திரும்பி என்னிடம் சொன்னார்: "மொத ரெண்டு பேரும் கோட்டத் தாண்டுனதும் நின்னுட்டாளுக டீச்சர். இவ வேலி வந்துதான் நின்னா. இப்புடி நிக்கத் தெரியாத பிள்ளைய ஒரு தையல் மிசினுக்கு முன்னால நான் எப்புடிங்க உக்கார வைக்கிறது?"

மூன்று கிலோ பந்தால் பிள்ளைகளின் கால் எவ்வளவு வேகமாகும் என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது, ஆனால் விசில் ஊதுகிறவளின் நெஞ்சு என்ன வேகத்தில் அடிக்கும் என்று கேட்டால், உடைந்த பல்லோடு வந்து எங்கே வேண்டுமானாலும் சாட்சி சொல்லுவேன்.